லேப்டாப்போடு பறப்பவர்கள் கேபின் பை வாங்கும்போது செய்யும் தவறுகள்

கேபின் பை வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் சக்கரத்தை உருட்டிப் பார்க்கிறார்கள், அப்புறம் விலை. லேப்டாப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி, பை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வருகிறது. இந்த வரிசை தலைகீழ். நீங்கள் எடுத்துப் போகிற சாமான்களில் உடைந்தால் வேலையே நின்றுபோகிற பொருள் லேப்டாப்தான். பேட்டரி இருப்பதால் விமான விதிகள் குறிவைக்கிற பொருளும் அதுதான். ஆகவே பையைத் தேர்ந்தெடுப்பதை அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பையில் தொங்கும் அட்டையில் ‘கேபின் சைஸ்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்புவது மிகப் பரவலான தவறு. உலகம் முழுவதற்கும் பொதுவான கேபின் அளவு என்று ஒன்று கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 56 × 45 × 25 செ.மீ. என்று ஓர் அளவைச் சொல்கிறது. அது வழிகாட்டி மட்டுமே. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 56 × 36 × 23 என்கின்றன. வேறு பல நிறுவனங்களில் 55 × 40 × 20, 55 × 35 × 25 என்று மாறுகிறது. 2015-இல் ஐயாட்டா 55 × 35 × 20 என்று ஒரே அளவைக் கொண்டுவரப் பார்த்தது. ‘இருக்கிற பையெல்லாம் வீணாகிவிடுமா?’ என்று எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டது. நீங்கள் அடிக்கடி போகிற இரண்டு மூன்று நிறுவனங்களின் அளவுகளை எடுத்து, நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் எது குறைவோ அதற்கு அடங்குகிற பையாக வாங்குவதே பாதுகாப்பு.

அளக்கும்போது சக்கரம், கைப்பிடி, வெளிப்பாக்கெட் எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். சில பைகளில் பெட்டிப் பகுதியை மட்டும் அளந்து எழுதியிருப்பார்கள். நான்கு சக்கர டிராலியில் சக்கரமே சில சென்டிமீட்டர் உயரத்தை எடுத்துக்கொள்ளும். ஜிப்பைத் திறந்தால் விரிகிற வகைப் பைகளிலும் கவனம் தேவை. மூடியிருக்கும்போது வரம்புக்குள் இருக்கும். ஊர் திரும்பும்போது விரித்து நிரப்பினால் வரம்பைத் தாண்டிவிடும்.

எடைதான் பலர் கணக்கே போட்டுப் பார்க்காத விஷயம். கேபின் பைக்கு 7 கிலோ, 8 கிலோ என்பது நிறைய நிறுவனங்களின் வரம்பு. கெட்டியான ஒரு டிராலி காலியாகவே 3 கிலோ இருக்கும். 15 அங்குல லேப்டாப் ஒன்று 2 கிலோ. சார்ஜர், மவுஸ், கேபிள் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. ஆக ஒரு சட்டைகூட வைக்காமலே 5.5 கிலோ ஆகிவிட்டது. 7 கிலோ வரம்பில் துணிமணிக்கு மிஞ்சுவது ஒன்றரைக் கிலோதான். காலிப் பையே 2 கிலோவுக்குள் இருந்தால் அந்த ஒரு கிலோ உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. எடை அதிகமான பை உறுதியாக இருக்கும் என்ற நினைப்பில் பலர் அதை வாங்குகிறார்கள். கேபினுக்குள் உங்கள் கையாலேயே ஏற்றி இறக்குகிற பைக்கு அந்த அளவு கவசம் தேவையில்லை என்பதே என் கருத்து.

தனியாக ஒரு லேப்டாப் பை கொண்டுபோகலாம் என்று பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் அதன் எடை தனிக்கணக்கா, கூட்டுக்கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஏர் பிரான்ஸ் எகானமி வகுப்பில் இரண்டு பைகளும் சேர்ந்தே 12 கிலோ.

அடுத்தது திரை அளவில் வருகிற குழப்பம். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் நீள அகலம் அதில் தெரியாது. மெல்லிய விளிம்புள்ள புது மாடலும், விசிறியும் சூடு வெளியேறும் துளைகளுமாகப் பின்பக்கம் நீண்ட கேமிங் லேப்டாப்பும் ஒரே ‘15.6’ என்ற பெயரில்தான் விற்கின்றன. அகலத்தில் பல சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். 16 அங்குல மேக்புக் ப்ரோவின் உடல் ஏறத்தாழ 35.6 × 24.8 செ.மீ. உங்களுடையதை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு, அதைப் பையின் உள்ளறை அளவோடு ஒப்பிடுங்கள். வாய்ப்பிருந்தால் லேப்டாப்பையே கடைக்குக் கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஜிப் மூலையில் இறுக்கிப்பிடித்தால் அந்தப் பை வேண்டாம். இறுகின ஜிப் முதலில் விடுவது அந்த மூலையில்தான்.

‘லேப்டாப் அறை உண்டு’ என்ற ஒரு வரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அறை எங்கே இருக்கிறது, எப்படித் தைத்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அறைக்குள் கையை முழுக்க விட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பையில் அறையின் தரை, பையின் தரைக்கு இரண்டு மூன்று விரல் உயரத்திலேயே முடிந்துவிடும். லேப்டாப் ஊஞ்சல் மாதிரி தொங்கி நிற்கும். மோசமான பையில் உங்கள் விரல் நேராகப் பையின் அடித்துணியில் போய் முட்டும். அப்படிப்பட்ட பையைச் சட்டென்று தரையில் வைத்தால், லேப்டாப்பின் கீழ்மூலை நேரே தரையில் மோதுகிறது. சுற்றிலும் எவ்வளவு பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும் அடியில் இடைவெளி இல்லாவிட்டால் பயனில்லை.

டிராலியாக இருந்தால் லேப்டாப் அறை பெரும்பாலும் முன்பக்கப் பாக்கெட்டில் இருக்கும். எடுக்க வசதிதான். ஆனால் உள்ளே துணி குறைவாக இருக்கிறபோது, பின்பக்கம் இலேசாகி முன்பக்கம் கனத்து, கைப்பிடியை விட்டதும் டிராலி முகம் குப்புற விழும். விழுகிற பக்கத்தில்தான் லேப்டாப் இருக்கிறது. முதுகுப்பையாக இருந்தால் லேப்டாப் உங்கள் முதுகை ஒட்டிய அறையில் இருக்க வேண்டும். கனம் உடலுக்கு அருகில் இருந்தால் தோளில் இழுப்பு குறையும், கூட்டத்தில் வெளியிலிருந்து இடிபடவும் செய்யாது. அதே அறையில் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இடம் வைத்திருக்கிற பைகளைத் தள்ளிவிடலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே டிராலியில் போட்டுக்கொண்டு கிளம்புவது. விமானம் நிரம்பிவிட்டால், தலைக்கு மேலுள்ள அறைகளில் இடம் போதாது. அப்போது போர்டிங் கேட்டிலேயே டிராலியை வாங்கிச் சீட்டு கட்டிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களில் அந்த அறைகளே சின்னவை. டிராலியை விமானத்தின் படியருகே வாங்கிக்கொள்வது அங்கே வாடிக்கை. உங்கள் அளவும் எடையும் விதிப்படி இருந்தாலும் இது நடக்கும். வரிசை நகர்ந்துகொண்டிருக்க, பின்னால் ஆட்கள் நிற்க, தரையில் பையைத் திறந்து லேப்டாப்பையும் பவர் பேங்கையும் தேடியெடுக்கிற பதற்றம் யாருக்கும் வேண்டாம்.

எடுத்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பவர் பேங்க், தனியாக வைத்திருக்கும் உதிரி பேட்டரி ஆகியவை சரக்கறைக்குப் போகவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்கறையில் யாரும் இல்லை. பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலை வாட்-அவரில் (Wh) அளக்கிறார்கள். 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. பவர் பேங்கில் எம்ஏஎச் (mAh) அளவு மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-அவர். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் ஏர் புசான் விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே எரிந்தது. அதன் பிறகு அந்த நாடு பவர் பேங்கை மேலறையில் வைக்கவும் தடை போட்டது. கையில் அல்லது இருக்கைப் பக்கத்தில் மட்டுமே வைத்திருக்கலாம். வேறு பல நிறுவனங்களும் பவர் பேங்க் விதிகளை இறுக்கிவருகின்றன. ஆகவே பவர் பேங்குக்கான பாக்கெட்டும் இருக்கைக்கு அடியில் போகிற பையில்தான் இருக்க வேண்டும். உள்ளே பேட்டரி பொருத்திய ‘ஸ்மார்ட்’ டிராலி வாங்குவதாக இருந்தால், அந்தப் பேட்டரி கையாலேயே கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழற்ற முடியாதவற்றை 2018 முதலே பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

எனவே நான் சொல்லக்கூடியது: துணிக்கு இலேசான ஒரு டிராலி, லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட்டுக்குத் தட்டையான ஒரு முதுகுப்பை. அந்த முதுகுப்பையின் பின்புறம் டிராலியின் கைப்பிடிக் குழாயில் மாட்டுகிற பட்டை இருந்தால், நீண்ட நடையில் தோள் தப்பிக்கும். மலிவு விமானச் சேவைகளில் அடிப்படைக் கட்டணச் சீட்டுக்கு, இருக்கைக்கு அடியில் போகிற ஒரு சிறு பை மட்டுமே இலவசம் என்பது பல இடங்களில் வழக்கம். அப்படிப்பட்ட பயணங்களே உங்களுக்கு அதிகம் என்றால் டிராலியை மறந்துவிட்டு, 40 × 30 × 20 செ.மீ. அளவில் நல்ல முதுகுப்பை ஒன்றில் பணத்தைப் போடுங்கள்.

பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு வார்த்தை. பையின் உள்ளே இருப்பதை முப்பரிமாணமாகக் காட்டும் புதிய சிடி ஸ்கேனர் உள்ள விமான நிலையங்களில் லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் இன்னும் எடுத்துத் தட்டில் தனியாக வைக்கத்தான் வேண்டும். லேப்டாப் அறைக்கு வெளியிலிருந்தே திறக்கிற தனி ஜிப் இருந்தால் வேலை சுலபம்.

பை வந்ததும் அட்டையைக் கிழிக்காமல், வழக்கமாகக் கொண்டுபோகிற அத்தனையையும் வைத்து எடை போடுங்கள், சக்கரத்தோடு அளவெடுங்கள், தலைக்கு மேல் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.