பழைய நிலையும் புதிய வீடும்: பார்க்கப் போன இடத்தில் நாம் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் குடியிருக்கும் எங்களுக்கு, வீட்டை அழகுபடுத்த யோசனை தேடிப் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இடித்த வீடுகளின் நிலை (கதவைத் தாங்கும் மரச்சட்டம்), கதவு, தூண், ஓடு ஆகியவற்றைக் குவித்து வைத்திருக்கும் பழைய சாமான் கடைகள் ஒன்று. திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் உள்ள அலங்காரப் பொருள் கடைகள் மற்றொன்று. பழம்பொருள் கடைகள் நிறைந்த மட்டாஞ்சேரி யூதத் தெருவையோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவையோ சுற்றி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அரிது. பார்க்கப் போன நாளிலேயே வாங்கிவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அயினி மரத்தில் செய்து, மேல்சட்டத்தில் தாமரை செதுக்கிய ஒரு நிலையையும் அதன் இரட்டைக் கதவையும் பார்த்த மாத்திரத்தில் முன்பணம் கொடுத்தேன். அளவு எடுக்கவில்லை. இந்தப் பகுதியின் பழைய தச்சர்கள் கோல், விரல் கணக்கில் வேலை செய்தவர்கள். 24 விரல் கொண்ட ஒரு கோல் ஏறத்தாழ 72 செ.மீ. ஆகையால் அவர்கள் செய்த கதவு, அடி அங்குலக் கணக்கில் கொத்தனார் விட்டுவைத்த வாசலில் தானாக வந்து பொருந்தாது. என் நிலையின் உயரம் குனிந்து நுழைய வேண்டிய உயரம். கீழ்ப்படியோ ஒரு சாணுக்கு மேல் எழுந்து நின்றது. முழங்கால் வலியுள்ள என் தாயார் அந்தப் படியைத் தாண்டுவதற்கு ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நான் கவனிக்கவில்லை. பழைய கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையில் குடைந்த குழியில் சுழலும். குடுமியை வெட்டிவிட்டுக் கீல் போடலாமா என்று கேட்டபோது, "குடுமிய அறுத்தா கதவுக்க பெலம் போயிரும், பாத்துக்கிடுங்க" என்றார் ஆசாரி. கடைசியில் சுவரை இரண்டு முறை உடைத்தோம். கடைக்குப் போகுமுன் வாசலின் உயரம், அகலம், சுவரின் கனம் ஆகிய மூன்றையும், பொருளைத் தூக்கி வரவேண்டிய மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும் ஒரு தாளில் குறித்து, அளவுநாடாவுடன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தை மேல்பூச்சைப் பார்த்து மதிப்பிடுவது அடுத்த தவறு. ரப்பர் மரத்தில் நேற்றுச் செய்த அலமாரிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிப் பழையது என்று விற்பது இங்கே புதிதல்ல. இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடம் நேர்கோடுகளாக, சற்றே ஒழுங்கற்று இருக்கும். வட்ட ரம்பம் ஓடிய பலகையில் வில்லைப் போல வளைந்த கோடுகள் தெரியும். மூட்டுகளில் மர ஆணி அடித்திருக்கிறதா, இன்றைய திருகாணி இருக்கிறதா என்பதும் பேசும். பலா மரமாக இருந்தால், கண்ணில் படாத மூலையில் லேசாகச் சுரண்டும்போது உள்ளே மஞ்சள் தெரியும்.

பூச்சியைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்வேன், ஏனென்றால் அது வாங்கிய பொருளோடு நிற்பதில்லை. சிதல் (கரையான்) மண் பாதை கட்டுவதால் கண்ணில் பட்டுவிடும். மரத்தைத் துளைக்கும் வண்டு அப்படியல்ல. குண்டூசித் தலை அளவுத் துளைகளும், அவற்றின் கீழே மாவு போன்ற தூளும்தான் அடையாளம். துளையின் விளிம்பு வெளிறியிருந்து, தூளும் புதிதாக இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. முன்பணம் கொடுக்குமுன், பொருளைத் துடைத்துவிட்டு அதனடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைக்கச் சொல்லுங்கள். சில நாள் கழித்துப் போய்த் தாளைப் பாருங்கள். இதற்கு மறுக்கும் வியாபாரியிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

பழைய சாயத்தை அரத்தாளால் உலர்ந்தபடியே தேய்ப்பதும் ஆபத்தானது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பச்சையிலும் நீலத்திலும் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசு குழந்தைகளுக்குக் கேடு. நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய விளக்கு, மின்விசிறி என்றால் உள்ளிருக்கும் ஒயரை முழுதாக மாற்றாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

அலங்காரக் கடைகளில் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் வெளிச்சம்தான். அங்கே மஞ்சள் விளக்கின் கீழ் கனிந்து தெரியும் வெண்கல உருளியும் ஈட்டிமரப் பெட்டியும், நம் வீட்டு வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் வேறு பொருள்களாகிவிடும். அங்கே கண்ட மூலையை அப்படியே வீட்டுக்குள் நகல் எடுக்க முயல்வோர், ஒரே கூடத்தில் ஊஞ்சல், தூண், குத்துவிளக்கு, பீங்கான் ஜாடி எல்லாவற்றையும் நிறைத்து, நடக்க இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள். நான் யாருக்கும் சொல்வது, முதலில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள் என்பதே. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் அந்த மாளிகைக்குத் திங்கள் விடுமுறை. அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த சாளரங்கள், வெயிலைத் தணித்து உள்ளே விடுவதைப் பார்த்த பிறகு, ஒரு சாளரத்தை வெறும் சுவர் அலங்காரமாக மாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பொருள் என்ன வேலை செய்தது என்று தெரிந்தால், அது நம் வீட்டில் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

பருவத்தையும் மறக்கக் கூடாது. நமக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பங்குனி வெயிலில் இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்திய கதவு, மழையில் ஊதி நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

விக்கிரகம், கோயில் தூண், திருவாசி ஆகியவற்றை விலை கேட்கக்கூட வேண்டாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் தொல்பொருள்கள். அவற்றை விற்பவருக்கு உரிமம் வேண்டும், கல்லிலும் உலோகத்திலும் ஆன சிற்பங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். மற்ற பொருள்களுக்கும் துண்டுச்சீட்டை ஏற்காமல், மரத்தின் பெயரும் அளவும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கடைக்காரர் அனுப்பும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டதானால் இ-வே பில்லும் (சரக்குப் போக்குவரத்துக்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) சேர்ந்து வர வேண்டும். டெம்போ கடையை விட்டுக் கிளம்புமுன்பே அந்தத் தாள்கள் ஓட்டுநர் கையில் இருக்கின்றனவா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.