முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாடு போக: யாரிடம், எப்போது, எப்படிப் பணம் கேட்பது

ஆறு மாதம் வெளிநாட்டில் தங்கி ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் உதவித்தொகைப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால், அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரோ ஆவணக் காப்பகமோ ஆய்வகமோ வேண்டும். அவர்கள் தரும் அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் ஒரே திட்டத்தை மூன்று நான்கு இடங்களுக்கு அனுப்பலாம். கடிதம் இல்லாவிட்டால் நல்ல திட்டமும் வெறும் ஆசையாகத்தான் தெரியும்.

காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். அமெரிக்கா போக உதவும் ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் நடுவில் முடிந்துவிடும், பயணமோ அடுத்த ஆண்டில்தான். அழைப்புக் கடிதம் வாங்க மூன்று மாதம், திட்டத்தை எழுதித் திருத்த இரண்டு மாதம் சேர்த்தால், புறப்படும் நாளுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே வேலை தொடங்கியாக வேண்டும். முனைவர் பட்டப் பதிவு முடிந்த முதல் ஆண்டிலேயே இதைப் பற்றி நெறியாளரிடம் பேசுவது நல்லது. மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொள்பவருக்குப் பணம் கிடைக்கும்போது ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி வந்துவிடும்.

அழைப்புக் கடிதம்

முதல் மின்னஞ்சல் இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டாம். உங்கள் தலைப்பு, அவருடைய எந்தக் கட்டுரையோடு அல்லது எந்த ஆவணத் தொகுப்போடு அது தொடர்புடையது, எந்த மாதங்களில் வர விரும்புகிறீர்கள் என்பவை போதும். கூடவே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: “செலவுக்கான உதவித்தொகைக்கு நானே விண்ணப்பிக்கிறேன், உங்களிடமிருந்து நிதி கேட்கவில்லை.” இந்த வரி இல்லாததாலேயே பல மின்னஞ்சல்களுக்குப் பதில் வருவதில்லை. பணம் கேட்கிறார் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் ஐரோப்பியப் பேராசிரியர்கள் விடுமுறையில் இருப்பார்கள், அப்போது அனுப்பாதீர்கள்.

வரும் கடிதம் நிறுவனத்தின் முகப்புத்தாளில், கையெழுத்தோடு, தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்து இருக்க வேண்டும். நூலகம், மேசை, கருவி என எதைப் பயன்படுத்தலாம் என்பதும் வேண்டும். வருகை ஆய்வாளரிடம் ஆய்வகக் கட்டணம் வாங்குவார்களா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் வாங்குகின்றன, பல உதவித்தொகைகள் அதைத் தருவதில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

அமெரிக்காவுக்கு என்றால் மேலே சொன்ன ஃபுல்பிரைட்–நேரு. ஆறு முதல் ஒன்பது மாதம். இந்தியப் பல்கலைக்கழகத்தில் குறைந்தது ஓராண்டு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், எழுத்து மாதிரி ஒன்றும் இணைக்க வேண்டும். ஜெர்மனிக்கு அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி குறுகிய கால ஆய்வு உதவித்தொகையும் ஓராண்டு உதவித்தொகையும் தருகிறது. பிரான்சுக்குப் போகும் அறிவியல் மாணவர்களுக்கு ராமன்–ஷார்பாக் உதவித்தொகை. ஆய்வின் ஒரு பகுதியைப் பிரிட்டனில் செய்ய, ஓராண்டு வரை தங்க காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் உதவித்தொகை இருக்கிறது. கலை, மரபுப் பாதுகாப்பு, மொழி–வரலாறு போன்ற மானுடப் புலத் துறையினருக்குச் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் சில வாரப் பயணங்களுக்கு உதவுகிறது. உங்கள் பல்கலைக்கழகம் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எதனோடாவது எராஸ்மஸ் பிளஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம்) ஒப்பந்தம் போட்டிருக்கிறதா என்று சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த இடங்கள் பல நேரம் மாணவர்களுக்குத் தெரியாமலே காலியாகப் போகின்றன.

மாநாட்டில் கட்டுரை வாசிக்க மட்டும் போகிறவர்களுக்கு வழி வேறு. அறிவியல், பொறியியல் துறையினர் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் சர்வதேசப் பயண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) நடத்திய திட்டம்தான் இது. சமூக அறிவியல் துறையினருக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு). மாநாட்டை நடத்துபவர்களிடம் மாணவர் சலுகையும் தனியே கேளுங்கள். பதிவுக் கட்டணத்தை ஒருவரும் விமானக் கட்டணத்தை இன்னொருவரும் தந்தால் தவறில்லை. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பில் கொடுத்தால் இரண்டுமே போய்விடும்.

“ஏன் அங்கே?”

தேர்வுக்குழு கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவதும் இங்கேதான். “உலகத்தரமான நூலகம் உள்ளது” என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள்.

நாகப்பட்டினத்து டச்சு வணிகத்தை ஆய்வு செய்யும் மாணவரை எடுத்துக்கொள்வோம். டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து அந்த ஊரைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1.04.02 என்ற எண்ணின் கீழ் இருக்கின்றன. ஆனால் இதை எழுதியதோடு வேலை முடியவில்லை. அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது குழுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் இருப்பது தெரியும். எனவே எழும்பூரில் என்ன பார்த்து முடித்தீர்கள், இணையத்தில் எந்தக் கட்டுகளைப் படித்தீர்கள், எது ஹேக்கில் மட்டும் கிடைக்கிறது என்று கட்டு எண்ணோடு எழுத வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்கும், தரங்கம்பாடி மிஷன் ஆவணங்களை வைத்திருக்கும் ஜெர்மனியின் ஹாலே நகர ஃபிராங்கே அறக்கட்டளைக்கும் இதே அளவுகோல்தான்.

அறிவியல் மாணவருக்குக் கருவி. சென்னை ஐஐடியில் நவீன ஆய்வுக் கருவிகள் உள்ள சாய்ஃப் மையத்தில் செய்ய முடியாத எந்த அளவீடு அங்கே முடியும், எத்தனை மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்டுங்கள். மாதவாரியாக ஓர் அட்டவணை போதும். முதல் மூன்று வாரத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. வாசகர் அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, வீடு தேடல் என்று போய்விடும். அட்டவணையில் அதற்கு இடம் விட்டிருந்தால் அனுபவமுள்ளவர் எழுதியது என்று தெரியும்.

மொழி

மொழி தெரியாமல் ஆவணம் பார்க்கப் போவது பண விரயம். மாலை வகுப்பாகப் படித்தால் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ பி1 (நடுத்தர) நிலையை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆகும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேயும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது அதற்கு முந்தைய ஏ2 நிலைச் சான்றிதழாவது இணைத்தால் உங்கள் தயாரிப்பு நம்பும்படி இருக்கும். டிஏஏடி உதவித்தொகை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஜெர்மன் வகுப்புக்கும் உதவி உண்டு, விண்ணப்பத்திலேயே அதைக் கவனித்துக் கேளுங்கள்.

பேச்சு மொழி மட்டும் போதாது என்பதைப் பலர் அங்கே போன பிறகுதான் உணர்கிறார்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடி வந்த காலத்து ஜெர்மன் கடிதங்கள் குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்தில் இருக்கும், இன்றைய ஜெர்மானியரே திணறுவார்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தும் அப்படித்தான். இணையத்தில் உள்ள ஸ்கேன்களை வைத்துத் தினம் அரைமணி நேரம் எழுத்துக்கூட்டிப் பழகுங்கள். ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தால், ஆறு மாதத்தில் எத்தனை பக்கம் முடியும் என்ற உண்மையான எண்ணிக்கை திட்டத்துக்குக் கிடைக்கும்.

பணக் கணக்கு

உதவித்தொகை வந்துவிடும் என்று வெறுங்கையோடு விமானம் ஏறாதீர்கள். அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் பல இடங்களில் முதல் தவணை வரும். ஜெர்மனியில் வீட்டு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே ஒன்றரை மாதச் செலவும் முன்பணமும் கையில் இருக்க வேண்டும். பல இந்திய வங்கி அட்டைகள் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கின்றன, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

அரசுப் பணத்தில் டிக்கெட் வாங்குகிறவர்கள் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படியுங்கள். 2022-இல் நிதி அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி அரசுச் செலவில் செல்லும் விமானப் பயணத்துக்கு பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்களிடம் மட்டுமே டிக்கெட் வாங்க வேண்டும். இந்த நிபந்தனை உங்கள் கடிதத்தில் இருக்கும்போது செல்போன் செயலியில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால், திரும்பி வந்து பில் கொடுக்கும்போது சிக்கல்.

அனுமதியும் விசாவும்

நெறியாளர், துறைத்தலைவர், பதிவாளர் என மூன்று மேசைகளில் தடையில்லாச் சான்று நகர வேண்டும், இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தால் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் அனுமதியும் தேவை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குபவர்கள் வெளிநாட்டு உதவித்தொகைக் காலத்தில் அது தொடருமா, நிறுத்தி வைக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது தணிக்கையின்போது நிற்காது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். 90 நாளுக்கு மேல் என்றால் அந்தந்த நாட்டின் தேசிய விசா எடுக்க வேண்டும். குறுகிய கால விசாவை அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். ஃபுல்பிரைட்டில் போகிறவர்களுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசா. முடிந்ததும் மொத்தம் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும் என்ற விதி இதற்கு உண்டு, அதுவரை எச்-1பி வேலை விசாவோ நிரந்தரக் குடியுரிமைக்கான கிரீன் கார்டோ கிடைக்காது. ஆய்வேடு முடிந்த கையோடு அமெரிக்காவில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் கையெழுத்திடும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருக்கும்போதே போர்டிங் பாஸ், விசா கட்டண ரசீது, பதிவுக் கட்டண ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ரசீதுத் தாளின் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும். அங்கே உங்களை ஏற்றுக்கொண்டவரிடம் வருகைச் சான்றிதழைப் புறப்படும் வாரத்திலேயே கையெழுத்து வாங்குங்கள், ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். அது வராமல் கடைசித் தவணையும் வராது.