முதல் பிசிஆர்: பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவைப் பெருக்குவது எப்படி

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பல மடங்கு நகலெடுத்துப் பெருக்கும் முறை. அதைப் பழக 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு (புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பாகத்துக்கான மரபணு) நல்ல தொடக்கம். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது. 27எஃப், 1492ஆர் என்ற ப்ரைமர் ஜோடியை (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) போட்டால் சுமார் 1,500 கார இணைகள் நீளமுள்ள துண்டு கிடைக்கும்.

முதலில், ஃப்ரீசரில் இருந்து எடுத்த பஃபர், ப்ரைமர் எல்லாம் ஐஸில் முழுதாக உருகட்டும். பிறகு நன்றாகக் கலக்குங்கள். புது டிஎன்ஏ இழையைக் கட்டும் டாக் நொதியைக் கடைசியில் எடுத்தால் போதும்.

அடுத்து மாஸ்டர் மிக்ஸ், அதாவது எல்லா ட்யூபுக்கும் பொதுவான கலவை. ஒரு ட்யூபுக்கு 25 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம்: மெக்னீசியம் சேர்ந்த 10 மடங்கு பஃபர் 2.5, டிஎன்ஏ கட்டத் தேவையான நான்கு மூலப்பொருள்களான டிஎன்டிபி (ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார்) 0.5, ப்ரைமர்கள் (10 மைக்ரோமோலார்) தலா 0.5, டாக் (மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட்) 0.125, தண்ணீர் 19.875. வெறும் 0.125-ஐப் பைப்பெட்டில் சரியாக எடுக்க முடியாது. அதனால்தான் எல்லா ட்யூபுக்கும் சேர்த்து, கூடுதலாக ஒன்றுக்கும் கணக்குப் போட்டு, மொத்தமாகக் கலக்கிறோம். 24 மைக்ரோலிட்டராகப் பிரித்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ சேருங்கள்.

ஒரு ட்யூபில் மட்டும் டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர். இதுதான் நெகட்டிவ் கன்ட்ரோல். இதைத் தயவுசெய்து ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

தெர்மல் சைக்ளரில் (சூட்டைத் தானாக மாற்றும் பிசிஆர் கருவி): 95 டிகிரியில் 3 நிமிடம். அப்புறம் 95-இல் 30 விநாடி, 55-இல் 30 விநாடி, 72-இல் 90 விநாடி. இந்தச் சுற்று 30 முறை. முடிவில் 72-இல் 5 நிமிடம். 95-இல் இழைகள் பிரியும், 55-இல் ப்ரைமர் ஒட்டும், 72-இல் டாக் புது இழையைக் கட்டும். வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாடிகஸ் பாக்டீரியாவின் நொதி என்பதால் இந்தச் சூட்டைத் தாங்குகிறது.

டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 1 சதவீத அகரோஸ் ஜெல்லில், லேடரோடு (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) ஓட்டிப் பாருங்கள். டிஎன்ஏவைப் பார்க்கப் போடும் சாயம் எத்திடியம் புரோமைடு என்றால் கையுறை கட்டாயம்.

மாதிரியில் 1,500 பக்கம் ஒற்றைப் பட்டை, கன்ட்ரோலில் ஒன்றுமில்லை என்றால் சரி. கன்ட்ரோலிலும் பட்டை வந்தால் மாதிரியின் பட்டையை நம்பக் கூடாது. தண்ணீர், டிப், ப்ரைமர் என ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றிப் பாருங்கள். 16எஸ்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு: கடையில் வாங்கும் டாக்கைப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில்தான் தயாரிக்கிறார்கள். அதன் டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். சுற்றுகளை 25-ஆகக் குறைத்தாலே பல நேரம் அந்தப் பட்டை மறைந்துவிடும். கன்ட்ரோல் சுத்தமாகும்வரை எதையும் சீக்வென்ஸிங்குக்கு (டிஎன்ஏவின் கார வரிசையைப் படிக்க) அனுப்பாதீர்கள்.