குளிர் ஊர்த் தோட்டத்தில் விநோத வெள்ளரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் விதை விற்கும் இடங்களில் இப்போது குக்கமெலன் (திராட்சை அளவுக் குட்டிக் காய்), அச்சோச்சா (தென் அமெரிக்க மலைக் காய்), கிவானோ (முள் முள்ளான ஆப்பிரிக்கப் பழம்) என்று வெள்ளரிக்குச் சொந்தக்காரப் பயிர்கள் பலவும் கிடைக்கின்றன. வாங்கி நடுகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வெள்ளரிக் குடும்பம்தானே என்று எல்லாவற்றையும் வெள்ளரியாகவே நடத்துகிறார்கள்.

ஆண் பூவைக் கிள்ளுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்ஹவுஸ் வெள்ளரியில் பல ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்க்கும். சேர்ந்தால் விதை வைத்துக் கசந்துவிடும். அதனால் ஆண் பூவைக் கிள்ளி எறிவது வழக்கம். அதே கையோடு குக்கமெலன் கொடியிலும் கிள்ளினால் காயே பிடிக்காது. அதற்கும் கிவானோவுக்கும் ஆண் பூவும் வேண்டும், பூச்சி நடமாட்டமும் வேண்டும். பகலில் கிரீன்ஹவுஸ் கதவைத் திறந்து வையுங்கள். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ.

அடுத்தது அவசரம். மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்ததும் விதை போட்டால், வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறி நெட்டையாக வளரும். ஏப்ரலில் வீட்டுக்குள் 20 டிகிரிக்கு மேல் சூடு உள்ள இடத்தில் போட்டால் போதும். குக்கமெலன் முளைக்கவே சில வாரம் எடுக்கும்; விதை செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். தென் இங்கிலாந்தில்கூட மே கடைசிக்கு முன் வெளியே நட வேண்டாம். நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கள். நூல் போன்ற இளங்கொடியை நத்தை ஒரே இரவில் முடித்துவிடும், அதையும் கவனியுங்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு தனித் தவறு இருக்கிறது: கடையில் வாங்கிய சௌசௌ சமையலறையில் முளைவிட்டதும் அதைத் தோட்டத்தில் நடுவது. கொடி வேலியெல்லாம் படரும், பூ மட்டும் வராது. காரணம் குளிர் மட்டுமல்ல, பகலின் நீளம். பகல் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குக் குறைந்தால்தான் சௌசௌ ஒழுங்காகப் பூக்கும். கொடைக்கானலில் ஆண்டு முழுக்கப் பகல் அதை ஒட்டியே இருப்பதால் அங்கே கவலையில்லை. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். அது 12 மணி நேரமாகக் குறையும்போது செப்டம்பர் முடியப்போகும். பூத்துக் காயாவதற்குள் உறைபனி வந்துவிடும். காய் வேண்டுமென்றால் இதை விட்டுவிடுவதே நல்லது.

அந்த இடத்தில் அச்சோச்சா நடலாம். ஆண்டீஸ் மலைப் பயிர், குளிர்ச்சியான கோடையிலும் சளைக்காது. ஒன்றிரண்டு செடிக்கு மேல் வேண்டாம், பந்தலையே மூடிவிடும். இதுவும் தாமதமாகத்தான் பூக்கும், ஆகஸ்டில் பூவைக் காணோமே என்று பிடுங்கி எறியாதீர்கள். முற்ற விட்டால் உள்ளே விதை கறுத்துக் கல்லாகிவிடும். விரல் நீளத்துக்குள் பிஞ்சாகப் பறித்தால் பச்சையாகவே தின்னலாம். வதக்கினால் ஏறக்குறைய குடைமிளகாய் ருசி. பெருவில் சற்றுப் பெரிய காயில் இறைச்சி அடைத்துச் சமைக்கிறார்கள்.

கிவானோ ஆப்பிரிக்க வெயிலில் பிறந்தது. அதை இங்கே திறந்த வெளியில் நடுவது விதைக்குச் செய்யும் அநியாயம். கிரீன்ஹவுஸ் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

குக்கமெலனைத் திராட்சை அளவில், அழுத்தினால் கெட்டியாக இருக்கும்போதே பறியுங்கள். விட்டால் விதையும் புளிப்பும்தான் மிஞ்சும். இலையுதிர் காலத்தில் கொடி கருகியதும் வேரோடு தூக்கிப் போடுவதுதான் பலரும் செய்வது. அது பல ஆண்டுப் பயிர், மண்ணுக்கடியில் கிழங்கு வைத்திருக்கும். அதைத் தோண்டி, லேசாக ஈரமுள்ள மண்ணில் புதைத்து, உறைபனி படாத ஷெட்டில் வையுங்கள். ஏப்ரலில் தொட்டிக்கு மாற்றினால், விதையிலிருந்து வரும் செடியை முந்திக்கொண்டு காய்க்கும்.