பேஸ் ஆம்ப்பில் ஆடும் முள்: தப்பாகப் படிக்கும் இடங்கள்

பேஸ் கிடாரின் கீழ் ஈ கம்பியை மீட்டி, அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் முகப்பைப் பாருங்கள். விளக்கு எரியும் சின்னக் கண்ணாடிக்குள் முள் நிதானமாக எழும். ஒலி தேயத் தேய அதுவும் சாயும். தாளம் தப்பாமல் தலையாட்டும் ரசிகர் மாதிரி இருக்கும். ட்ரேஸ் எலியட் என்ற பேஸ் ஆம்ப் நிறுவனத்தில் இருந்த மார்க் குடே 1997இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஆஷ்டவுன் நிறுவனத்தின் ஆம்ப்களுக்கு இந்த மீட்டர்தான் அடையாளம்.

வெறும் அலங்காரம் என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈ கம்பி ஒலிப்பது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில். டிரம்ஸ் பக்கத்தில் நிற்கும்போது அந்தச் சுரம் சுத்தமாக வருகிறதா, கரகரக்கிறதா என்று காதால் மட்டும் பிரிப்பது கஷ்டம். அங்கே கண்ணும் உதவ வேண்டும். முள்ளைச் சரியாகப் படித்தால்தான் அந்த உதவி கிடைக்கும்.

பெரிய தவறு, அதைச் சத்தத்தின் அளவாக எடுத்துக்கொள்வது. 'முள் பாதியில்தான் நிற்கிறது, ஆம்ப்பில் இன்னும் பாதி சத்தம் பாக்கி' என்று கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் திருகை) ஏற்றுவார்கள். ஆஷ்டவுன் ஏபிஎம் வரிசையில் மீட்டர் காட்டுவது கிடாரிலிருந்து உள்ளே வரும் சிக்னலை. ஸ்பீக்கருக்குப் போகும் வாட்ஸை அல்ல. உங்கள் ஆம்ப் எப்படி என்று பார்க்க, ஒரே சுரத்தை ஒரே அழுத்தத்தில் வாசித்துக்கொண்டு மாஸ்டர் வால்யூமைத் திருப்புங்கள். முள்ளின் ஆட்டம் மாறவில்லையா? உள்ளே வருவதைத்தான் அது காட்டுகிறது. சத்தம் போதவில்லை என்றால் மாஸ்டரை ஏற்றுங்கள், கெயினை விட்டுவிடுங்கள்.

கெயின் வைக்கும்போது மெதுவாக வாசிப்பது அடுத்த தவறு. சவுண்ட் செக்கில் விரல் நுனியால் தடவிப் பார்த்து முள்ளைச் சிவப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறோம். மேடையில் நாலாவது பாட்டுக்குள் கை சூடேறி அடி இரட்டிப்பாகிவிடும். அன்றைய பட்டியலிலேயே ஓங்கி வாசிக்க வேண்டிய பகுதியை எடுத்து, முழு வேகத்தில் வாசித்து, முள் சிவப்பு தொடங்கும் 0 பக்கம் வந்து போகும்படி கெயினை வையுங்கள். இடையில் பேசிவ் (பேட்டரி இல்லாத) பேஸை வைத்துவிட்டு ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) பேஸை எடுத்தால், அல்லது ஒலியை மாற்றும் பெடல் புதிதாகச் சேர்த்தால், மறுபடி பார்க்க வேண்டும்.

சிவப்பைக் கண்டு பயப்படுவதும், சிவப்பு வரவில்லை என்று நிம்மதியாக இருப்பதும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கம். இப்படி முள் ஆடும் வி.யு. (வால்யூம் யூனிட்) மீட்டர் 1939இல் அமெரிக்க வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வகுத்தது. அந்த வரையறைப்படி ஒரு சீரான ஒலிக்கு முள் தன் இடத்தைச் சேர 300 மில்லி விநாடி எடுக்கும். கட்டைவிரலால் கம்பியை அறையும் ஸ்லாப் அடியின் உச்சமோ சில மில்லி விநாடிகளில் வந்து மறைந்துவிடும். முள் கிளம்புவதற்குள் அடி முடிந்துபோகும். அதனால் ஸ்லாப் வாசிப்பவர்கள் முள்ளைக் கொஞ்சம் தாழ்வாகவே ஆட விட வேண்டும். நீட்டி வாசிக்கும் சுரத்தில் முள் எப்போதாவது சிவப்பைத் தொட்டுத் திரும்பினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

'முள் ஒழுங்காக இருக்கிறதே' என்று ஈக்யூவில் (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) பேஸைத் தாராளமாகத் திருகுவதும் ஆபத்து. ஈக்யூவுக்கு முன்னால் அளக்கும் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. 6 டெசிபல் கூட்டினால் அந்த அலைவரிசையில் நாலு மடங்கு பவர் வேண்டும். அந்தச் சுமை ஸ்பீக்கர் தலையில் விழும்.

அப்புறம், சத்தம் திடீரென நின்றால் பதறிப்போய் எல்லா ஜாக்கையும் பிடுங்காதீர்கள். முதலில் முள்ளைப் பாருங்கள். அசையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கிடார் பக்கம்: கேபிள், பெடல், ஆக்டிவ் பேஸின் 9 வோல்ட் பேட்டரி. ஜாக்கைச் செருகியே வைத்திருந்தால் அந்த பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். முள் ஆடுகிறது, சத்தம் இல்லை என்றால் மியூட் பட்டன், மாஸ்டர், ஸ்பீக்கர் கேபிள் என்று வரிசையாகப் பாருங்கள். வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பாக இருந்தால் உடனே வாசிப்பை நிறுத்தி, ஆம்ப்பை அணைத்துவிட்டுத்தான் ஸ்பீக்கர் கேபிளைத் தொட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் இணைப்பு இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.