கீட்டோவில் உங்களுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கீட்டோ என்பது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, உடம்பைக் கொழுப்பில் ஓட வைக்கும் உணவு முறை. அதை ஆரம்பிக்கும்போது ஒருவர் ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்து என்பார், இன்னொருவர் 50 கிராம் சாப்பிட்டும் எடை இறங்குகிறது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். வித்தியாசம் இன்சுலினில் இருக்கிறது.

மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும், அது ஏறி நிற்கிற வரை உடம்பு கொழுப்பை வெளியே விடாது, கல்லீரலும் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிப்பதைக் குறைத்துவிடும். இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்கும் திறன், நன்றாக இருப்பவருக்குக் கொஞ்சம் இன்சுலினிலேயே வேலை முடிந்துவிடும். உணர்திறன் குறைந்தவருக்கு அதே சாப்பாட்டுக்கு நிறைய இன்சுலின் வேண்டும், அது இறங்கவும் நேரமாகும். அதனால்தான் அவருடைய வரம்பு சிறியது.

முதலில் மருந்து. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் என்ற ஆபத்து வரலாம். தயவுசெய்து மருத்துவரிடம் பேசாமல் தொடங்காதீர்கள். டைப் 1 சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

அடுத்து, நீங்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டியிருந்தாலோ, பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தாலோ உணர்திறன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் சர்க்கரையும் இன்சுலினும் பரிசோதித்து, இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுங்கள். சர்க்கரை 100, இன்சுலின் 16 என்றால் கிட்டத்தட்ட 4 வரும். 2.5க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உணர்திறன் குறைவு, இருப்பதாகப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

20 கிராமில் தொடங்குங்கள். மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்த கணக்கு இது. நூறு பாதாமை எடுத்துக்கொள்வோம், எடை ஏறக்குறைய 120 கிராம். மாவுச்சத்து 26, நார்ச்சத்து 15, ஆக 11 கிராம் அதிலேயே போய்விடும். 50 கிராம் வரம்புள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை, 20 கிராம் வரம்புள்ளவருக்கு பாதி நாள் கணக்கு காலி! பெரிய வெங்காயமும் 100 கிராமுக்கு 7, 8 கிராம் இழுக்கும், ஆம்லெட்டில் அள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் மெல்ல ஏற்றுங்கள். மூன்று வாரம் கழித்து, வாரத்துக்கு 5 கிராம் மட்டும் கூட்டுங்கள். கீட்டோன் மீட்டர் இருந்தால் ரத்தத்தில் 0.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்குகிறதா என்று தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒரு நாள் இறங்கினால் பரவாயில்லை, தொடர்ந்து இறங்கினால் முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள், இப்போதைக்கு உங்கள் வரம்பு அதுதான். மீட்டர் இல்லையென்றால் பசியையும் இடுப்பு அளவையும் கவனியுங்கள், கொஞ்சம் மெதுவாகத்தான் தெரியும்.

இந்த வரம்பு மாறக்கூடியது. எடை தூக்கும் உடற்பயிற்சி செய்தால், சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், ஆகவே அன்றைய மாவுச்சத்தைப் பயிற்சிக்குப் பிந்தைய சாப்பாட்டில் வையுங்கள். சில நாள் தூக்கம் கெட்டாலே உணர்திறன் குறைந்துவிடும், அந்த வாரத்து அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கீட்டோவில் இருக்கும்போது குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனால், பழக்கம் விட்ட உடம்பு அதைச் சமாளிக்க முடியாமல் அளவு எகிறிக் காட்டலாம். அதற்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும், மருத்துவரிடமும் கீட்டோவில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.