எண்ணெய்க் கிணற்று மோட்டார்: மின்சாரம் எங்கே வீணாகிறது?

எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் பம்பின் மின்செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் பார்ப்பது மோட்டாரின் பெயர்ப்பலகையைத்தான். முதல் தவறே அதுதான். மீட்டர் இருப்பது தரையில். மோட்டார் கிடப்பதோ பல நேரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். நடுவே தொங்கும் கேபிளும் மின்சாரத்தைத் தின்னும்.

அந்தக் கேபிளைக் கணக்கிடுவதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அதில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதோடு கிணற்றுச் சூடு வேறு. வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் கூடினால் செம்பின் மின்தடை சுமார் 39 சதவீதம் உயரும். 20 டிகிரிக்கான மின்தடை அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால், கீழே போய்ச் சேரும் மின்னழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். அப்போது மோட்டார் அதே வேலைக்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும், கேபிள் இன்னும் சூடாகும். அதே குதிரைத்திறனில் உயர் மின்னழுத்த மோட்டாரை எடுத்து மின்னோட்டத்தைப் பாதியாக்கினால், அதே கேபிளில் இழப்பு கால்வாசிதான்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய மோட்டாரை இறக்குவதும் வழக்கம். சுமை ரொம்பக் குறைந்தால் தூண்டல் மோட்டாரின் (காந்தம் இல்லாத வழக்கமான வகை) செயல்திறனும் திறன்காரணியும் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கு) சேர்ந்தே சரியும்.

அப்புறம், உற்பத்தியைக் குறைக்க மேலே வால்வை நெரிப்பது. பம்பு கஷ்டப்பட்டு ஏற்றிய அழுத்தத்தை வால்வில் கரைப்பதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். அதற்குப் பதில் பம்பின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், அதைச் சுழற்றத் தேவையான சக்தி ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். ஆனால் அது ஏற்றித்தரும் உயரமும் 19 சதவீதம் குறையும் என்பதை மறக்கக் கூடாது. அளவுக்கு மீறி வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் மேலே வராமல் பம்பு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

மோட்டாரைக் குளிரவைப்பது அதன் மேல் உரசிப் போகும் கிணற்றுத் திரவமே. விநாடிக்கு 0.3 மீட்டராவது ஓட வேண்டும் என்பது நடைமுறை விதி. எண்ணெய் ஊறும் துளைகளுக்குக் கீழே மோட்டாரை வைத்துவிட்டு, திரவத்தை அதன் பக்கமாகத் திருப்பும் உறையைப் போடாமல் விட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகும், இழப்பு கூடும், அதன் மின்காப்பும் சீக்கிரம் போகும்.

சரி, சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் பதித்த நிலைக்காந்த மோட்டாருக்கு மாறிவிடலாமா? அந்தச் சுழலியில் இழப்பு குறைவு என்பதால் செயல்திறன் நிச்சயம் கூடும். அதை ஓட்ட, வேகத்தைக் கட்டுப்படுத்தும் தனி மின்னணுக் கருவி (டிரைவ்) கட்டாயம். ஆனால் பழைய மோட்டார் பழக்கத்தில் ஸ்விட்சை அணைத்த கையோடு கேபிள் முனையைத் தொட்டுவிடக் கூடாது. குழாயில் நின்ற திரவம் கீழே இறங்கும்போது பம்பைத் திருப்பிச் சுற்றும். காந்தம் சுழன்றால் அது ஜெனரேட்டர்தான். மின்னழுத்தம் இல்லை என்று அளந்து பார்த்து, முனைகளை எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும்.